தம்பிரான் தோழர்: ஊன்றுகோலும் தூதும்

வளம் மிக்க காலத்துச் சூழ்ந்து நிற்பார் பலர். அவ்வளம் குன்றியவழி அகலாது நிற்பார் மிகச் சிலர். இஃது உலகியலில் யாவரும் கண்டறிந்த உண்மை. ஆகலின், நட்பின் உண்மையை அளந்தறிதற்குரிய கருவி இடுக்கணே என்பது நூலோர் பலர்க்கும் ஒத்த முடிபாயிற்று. திருவள்ளுவர் பொருட்பாலுள் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என 5 அதிகாரங்கள் வகுத்து இப்பொருளை விரித்தோதினார். அவற்றுட் கூறப்பட்ட இலக்கணங்களைத் தொகுத்து நோக்குங்கால், மெய்ந்நட்பினர்க்குரிய கடன் மூன்றென்பது பெறப்படும். நண்பன் தீயவழியிற் செல்லப் புகின் தடுத்தல் ஒன்று. நல்வழியிற் செலுத்துதல் ஒன்று. விலக்கலாகாத கேடு வந்துற்றவிடத்து உடனிருந்து அத்துன்பத்தைத் தானும் தாங்குதல் ஒன்று. இம்மூன்றும் ஒருங்கு நிகழுமிடத்தே நட்பு நிறைவுறும். ஒன்று குறையினும் அது நட்பின் போலியேயாம்.

மக்கள் நட்பிற்குக் கூறப்பட்ட இவ்விலக்கணம், இறைவர்க்கும் அடியார் ஒருவர்க்கும் இடையே நிகழ்ந்த தோழமைக்கும் ஏற்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அத்தோழமை நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி நாயனாருடையது.

திருநாவலூரில் ஆதிசைவ மரபிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாராய்த் தோன்றிய நம்பியாரூரர், திருமண நாளன்று புத்தூரில் முதிய மறையவராய் வந்த பெருமானால் ஆளோலை காட்டித் தடுத்தாட்கொள்ளப் பெற்றார். திருவெண்ணெய்நல்லூரில் மூலவோலையால் நிலைபெற்றது அடிமை. பின்னர்த் திருவாரூரை அடைந்தபொழுது, பெருமானார் தம்மையே அவர்க்குத் தோழராகத் தந்தமையை வானில் எழுந்த திருவாக்கால் அறிவித்தருளினார். அன்றுதொட்டு அடியார்கள் அவரைத் தம்பிரான் தோழர் என வழங்கினர் எனச் சேக்கிழார் கூறுவர். எனவே அடிமையின்மேல் தோழமை வந்து அமைந்ததே யன்றி, அடிமையை நீக்கி அதனிடத்தில் தோழமை வந்ததன்று. இவ்வேறுபாடு மேல் வேண்டப்படுமாகலின் நினைவிற் கொள்ளற்பாலது.

சைவ நூல்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கினையும் முறையே தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் எனக் கூறும். சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்துள் இவை விளக்கப்பட்டன. இவற்றுள் தோழமை நெறியாகிய சகமார்க்கத்திற்குச் சுந்தரரை எடுத்துக்காட்டாக வைத்தல் சைவ மரபு. ஆயின், அவர் வரலாற்றைக் கற்பார் உள்ளத்தில் ஐயங்கள் சில எழாமற் போகா. அவற்றை அடக்கிவைத்தலினும் வெளிப்படுத்தி ஆராய்தலே பத்தியை உறுதிப்படுத்தும்.

ஐயங்களாவன: திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டியபொழுது, தாம் சூளுறும் நேரத்துத் திருக்கோயிலை விட்டு மகிழின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டுமெனச் சுந்தரர் தோழரை வேண்டினார், பெருமானார் அதற்கு இசைந்தருளினார், இசைந்தவர், சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழே சூளுரைக்குமாறு கேட்க எனவும் உணர்த்தினார். இது நண்பர் செயலாகுமோ என்பது முதல் ஐயம். அச்சூளினைக் கடந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையை நீங்கியவுடன் கண்ணொளியை மறைத்தல் நண்பர் செயலாகுமோ என்பது இரண்டாவது. கண்ணிழந்து வந்தவர்க்குத் திருவெண்பாக்கத்தில் ஒரு கோலைக் கொடுத்து அயலார்போல விடையிறுத்தது என்னை என்பது மூன்றாவது. பின்னர்ப் பரவையாரின் ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் தூது நடந்தது தகுமோ என்பது நான்காவது.

முதல் மூன்றும் இறைவர் தோழமையிற் குறை காண்பன. நான்காவது அத்தோழமையின் மிகுதியைக் குறை காண்பது. ஒரே வரலாற்றின்மேல் இவ்வாறு குறையும் மிகையும் ஒருங்கு ஏற்றப்படுதலே, இதனை முழுவதாகக் கொண்டு ஆராயாமையைக் காட்டும்.

ஈண்டு நூலமைப்புப் பற்றிய செய்தி ஒன்று கருதத்தக்கது. சுந்தரர் பிறப்பும் ஆட்கொள்ளப்பட்டமையும் தடுத்தாட்கொண்ட புராணத்துள் உள்ளன. அவர் கண்ணிழந்ததும், கண் பெற்றதும், பெருமானார் தூது சென்றதும் அப்புராணத்துள் வைக்கப்படவில்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் வைக்கப்பட்டன. 400க்கு மேற்பட்ட திருப்பாட்டுக்களையுடைய அப்புராணத்திற் பெரும்பகுதி சுந்தரர் வரலாறே. கலிக்காமருக்கே உரிய செய்தி சிறுபான்மையது. இஃது இடமறியாது புகுத்திய விரிவு எனக் கருதுவாரும் உளர். 1852இல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட பெரியபுராண வசனம் முதலிய உரைநடை நூல்களால் மட்டும் வரலாற்றை அறிவார்க்கு இவ்வமைப்பின் கருத்து எளிதிற் புலப்படாது. கலிக்காமர் யாவர்? இறைவரைத் தூதேவிய செயலைப் பொறாது வெகுண்டவர். எனவே, கற்பார் உள்ளத்தெழும் ஐயத்தைத் தம் வாயாற் கூறியவர். ஐயத்தை எழுப்பிய அடியவரது புராணத்துள்ளேயே அவ்வையத்திற்குரிய வரலாற்றை முழுவதும் வைத்தமையால், சேக்கிழார் அவ்வினாவை இகழ்ந்து ஒதுக்கினாரல்லர், மதித்து விடை காட்டினார் என்பது தேறப்படும்.

இனி, ஐயங்களை முறையே நோக்குதல் தகும்.

மகிழின்கீழ் நிகழ்ந்தது யாது? சுந்தரர் வேண்டியது, சூளுரை சூளுரையாகாதபடி ஒரு சூழ்ச்சி. திருமுன்பு சொல்லின் அது பிணிக்கும். பெருமான் மகிழின்கீழ் இருப்பின், வெறுங்கோயிலிற் சொன்ன சொல்லாய் முடியும். இதனால் வஞ்சிக்கப்படுவார் யாவர்? ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, கன்னிமாடத்திலிருந்து இறைவர்க்குத் திருமாலை தொடுக்கும் தொண்டினையே வாழ்வாகக் கொண்ட சங்கிலியார். தோழர் பொருட்டு அடியவள் ஒருத்தியை ஏமாற்றுதற்கு உடன்படுதல் நட்பாகாது; அது வள்ளுவரால் தீநட்பென விலக்கப்பட்ட இனத்ததாய் முடியும். பெருமானார் தாம் தந்த சொல்லைத் தவறவிட்டாரல்லர். மகிழின்கீழ் இருப்பதாகச் சொன்னார், அங்ஙனமே இருந்தார். தவறவிட்டது சுந்தரர் கருதிய சூழ்ச்சி ஒன்றுமட்டுமே. நண்பனது வேண்டுகோளின் சொல்லைக் காத்து அதனுள் மறைந்த தீமையைத் தடுத்தல் எத்துணை அரிய செயல் என்பது உய்த்துணரற்பாலது. மூன்று கடன்களுள் முதலாவதாகிய தடுத்தல் இங்கு நிகழ்ந்தது. நட்பு நகையாடுதற்கு மட்டும் உரியதன்று, நெறி கடக்குமிடத்து இடித்துரைத்தற்கும் உரியது என்னும் வள்ளுவர் கருத்திற்கு இதனினும் சிறந்த இலக்கியம் காண்டல் அரிது.

சூளுரைத்தபின் சுந்தரர் அதனைக் காத்திருப்பின் துன்பம் யாதும் இல்லை. திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட்டது; புறப்பட்டார்; ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கண்ணொளி மறைந்தது. இவ்விடத்து உரைகாண்பார் பெரும்பாலும் மறக்கருணை என்னும் ஒரு சொல்லால் ஐயத்தை அறுத்துவிடுவர். தம்சொற் கேளாத மக்களைத் தாய்தந்தையர் ஒறுப்பது அன்பினாலேயாதல் போல, இறைவர் செய்யும் தண்டமும் அருளே எனச் சிவஞானசித்தியார் கூறுதல் உண்மை. அக்கொள்கையில் ஐயத்திற்கு இடமில்லை. ஆயினும், அவ்வுவமையோடு நிறுத்திவிடின் சுந்தரர் வரலாற்றிற்குச் சிறப்பாக உரியது யாதும் விளங்காது. என்னை? தந்தை மகனை ஒறுத்தல் மகன்மை நெறிக்கு ஏற்ற விளக்கம். ஈண்டுப் பேசப்படுவது தோழமை நெறி. ஒறுத்தபின் தந்தை வாளா இருப்பினும் தந்தைமை குன்றாது; மகன் திருந்தி வருமளவும் அவன் வாயிலிற் காத்திருத்தல் அமையும். தோழனோ அங்ஙனம் இருத்தலாகாது. தன்னால் வந்த துன்பமாயினும், அவன் பிழையால் வந்த துன்பமாயினும், வந்தபின் அதனைத் தானும் உடன் சுமத்தல் அவன் கடன். ஆகவே, கண் மறைந்தது நட்பாமோ என்பது முழு வினாவன்று; கண் மறைந்தபின் தோழர் எங்கிருந்தார் என்பதே வினா. இதனை விடுத்து மறக்கருணை என்னும் அளவில் அமைவார், விடையிற் பாதியையே பெற்றவராவர்.

தோழர் எங்கிருந்தார் என்பதற்குத் திருவெண்பாக்கத்துத் திருப்பதிகம் விடை தருகின்றது. கண்ணொளி இழந்து வழிநடந்து வந்த சுந்தரர், கோயிலுள் உள்ளீரோ என்று வினவுகின்றார். பெருமானார் ஊன்றுகோல் ஒன்றை அளித்து, தாம் உள்ளே இருப்பதாகவும் அவர் மேற்செல்லலாம் எனவும் விடையிறுக்கின்றார். விடையின் ஓசை அயன்மையுடையதே. அதனை மறுத்தல் வேண்டுவதில்லை. இது பொறாத சுந்தரர் அக்கோலை எறிந்தனர் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பொன்று ஒடிந்தது என்றும் தலவழக்கு ஒன்று உண்டு. சேக்கிழார் இதனைக் கூறினாரல்லர். கோலினை அவமதிப்பென்று கொண்டவிடத்தே இவ்வழக்குப் பொருந்தும். சேக்கிழார் காட்டும் நெறியில் அக்கோல் அவமதிப்பன்று.

கோல் யாருக்கு வேண்டப்படுவது? நடப்பவர்க்கு. ஓரிடத்தில் வீழ்ந்து கிடப்பவர்க்குக் கோலினாற் பயனில்லை. எனவே கோலைத் தருதல், உன் பயணம் முடிந்திலது, நடப்பாயாக என்று கூறுதலேயாம். செல்க என்ற சொல்லும் அக்கோலோடு சேர்த்துப் பொருள்கொள்ளற்பாலது; சொல்லைத் தனியே பிரித்துக் கேட்பின் துரத்துதலாகத் தோன்றும், கையிலுள்ள கோலோடு கேட்பின் வழிச்செலவிடுதலாகத் தோன்றும். உள்ளோம் என்னும் பொருள்பட வந்த விடையும் அத்தகையது. கண்ணில்லாதார்க்கு எதிரிலுள்ளார் இருக்கின்றாரோ நீங்கினாரோ என்பதே முதற்கவலை. குற்றத்தின்பொருட்டு முகங்கொடாதவரும் தாம் அவ்விடத்து உண்மையை மறைத்தாரல்லர். முகமலர்ச்சி காட்டாமலும், அகன்று போகாமலும், நடத்தற்குத் துணை தந்தும் நின்ற நிலை இது. இரண்டாங் கடனாகிய நல்வழிச் செலுத்துதல் இங்கு நிகழ்ந்தது. அவ்வூன்றுகோலைக் கொண்டு நடந்த வழியிலேயே கச்சித் திருவேகம்பத்தில் இடக்கண்ணும், திருத்துருத்தியில் உடற்பிணி நீக்கமும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. வெண்பாக்கத்திலேயே இருகண்ணும் அளித்திருப்பின், சூளுரை பிழைத்தலுக்கு விலை யாதுமில்லை என்றாகும். ஒன்றும் அளியாது போக்கியிருப்பின், தோழமை பொய்யென்றாகும். இரண்டிற்கும் இடையே நின்ற அருளே கோல்.

பழைய திருவெண்பாக்கம் இந்நாளில் கட்புலனாகாது. சென்னை நகர்க்கு நீர்வழங்கும் பொருட்டு 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அத்தலம் மறைந்தது. திருக்கோயில் பூண்டியில் மீள அமைக்கப்பட்டு வழிபாடு நிகழ்கின்றது. நிலம் மறைந்தும் அங்கு நிகழ்ந்த உரையாடல் ஏழாந் திருமுறையுள் மறையாது நிற்கின்றது.

இனி, சுந்தரர் பக்கல் நின்றும் தோழமையை ஆராய்தல் வேண்டும். இடுக்கண் வந்துழி நிலைத்து நிற்றல் ஒருவர்க்கு மட்டும் உரிய கடனன்று. துன்புற்றவரும் நட்பை விடாதிருத்தல் வேண்டும். ஈண்டுத் திருமுறை கற்பார் நுணுகிக் காணத்தக்க முரண் ஒன்று உண்டு. வெண்பாக்கத்துப் பதிகத்தில், பொறுத்தருளுவீர் என்னும் துணிவினாற் பிழை செய்தேன் என்னும் கருத்துப்படப் பிழையை உடன்படுகின்றார். திருவாரூரில் மற்றைக் கண்ணை வேண்டிப் பாடிய பதிகத்திலோ, தாம் விரும்பியே அடிமைப்பட்டவர் என்றும், குற்றம் யாதும் செய்திலர் என்றும் வழக்கிடுகின்றார். தம்மையே சார்ந்தார் துன்புற்று நிற்க வாளா இருப்பீராயின் நீரே இனிது வாழ்ந்து போவீராக என வெகுண்டு வாழ்த்துகின்றார். ஒரே நிகழ்ச்சியை ஓரிடத்துப் பிழை என்றவர் பிறிதோரிடத்துப் பிழையன்று என்றல் பொருந்துமோ?

பொருந்தும் என்க. வெண்பாக்கத்தில் ஒரு கண்ணும் இல்லை. உள்ளத்து மேலிட்டது அச்சம். ஆண்டு அடிமை பேசிற்று. ஆரூரை அடைந்தபொழுது ஒரு கண் கிடைத்திருந்தது. முனிவு தணிந்தமைக்கு அதுவே சான்று. முனிவு தணிந்தபின் எஞ்சியதைக் கேட்பது உரிமை. ஆண்டுத் தோழமை பேசிற்று. நெடுங்காலம் பழகிய நண்பர் உரிமையாற் கூறுவனவற்றையும் செய்வனவற்றையும் குற்றமாகக் கொள்ளாமையே பழைமை என்னும் அதிகாரத்தின் பொருள். குற்றமில்லை என்ற சொல் நிகழ்ச்சியை மறுத்த பொய்யன்று. நும்முன் என் குற்றம் இன்னும் குற்றமாக நிற்குமோ என்னும் உரிமைக் கேள்வி. இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருவரிடத்து நட்பை விட்டுவிட்டவன் அவரிடம் வழக்கிடான், வாய்பேசாது நீங்குவான். வழக்கிடுவோன், வழக்கைத் தீர்ப்பவர் வேறெவரும் இலர் என்பதை உடன்பட்டவனாவான். கண் இழந்த காலத்துச் சுந்தரர் வேறொரு புகலிடம் தேடினாரல்லர். தலந்தோறும் அத்தோழரையே நாடி, அத்தோழரையே வைது, அத்தோழரிடமே மீண்டு வந்தார். வைதல் ஈண்டு நட்பின் முறிவன்று, நட்பின் நீட்சியே.

எஞ்சியது மூன்றாங் கடன், உடன் துன்புறுதல். இதனை இறைவர்பால் வைத்துக் கூறுங்கால் சித்தாந்தத்தின்கண் ஒரு தடை எழும். இறைவர் விகாரமில்லாதவர், இன்ப துன்பங்கள் அவரைச் சாரா. சாராதவர் பிறர் துன்பத்தை உடன் சுமத்தல் எங்ஙனம் என்பது அத்தடை. இதற்கு விடையாக வருவதே தூது.

சங்கிலியாரை மணந்த செய்தி கேட்ட பரவையார், சுந்தரர் தம் மனைவாயிலை அடையவும் இசைந்திலர். இடைநின்று பேசச் சென்றோர் மீண்டனர். நள்ளிரவில், ஆற்றாத சுந்தரர் தோழரை நினைந்தார், தோழர் எழுந்தருளினார். முதன்முறை திருக்கோயிலில் அருச்சனை புரியும் ஆதிசைவர் வடிவிற் சென்றார்; பரவையார் மறுத்தார்; மீண்டார். சுந்தரர் கலங்கி வேண்ட, மறுமுறை தம் உண்மைத் திருக்கோலத்தோடு சென்றார், பரவையார் இசைந்தார். மாலும் அயனும் தேடியும் காணாத திருவடி ஆரூர்த் தெருவில் ஓரிரவில் இருமுறை போக்குவரவு புரிந்தது.

இரண்டாம் முறை கொண்ட திருக்கோலத்தை முதன்முறையே கொண்டிருப்பின் செயல் எளிதில் முடிந்திருக்கும். அங்ஙனமாகவும் முதற்கண் மறுக்கப்படத்தக்க வடிவிற் சென்றது என்னை? இதனை வெறும் திருவிளையாடல் எனக் கூறி அமைவாரும் உளர். உடன் துன்புறுதல் என்னும் இலக்கணத்தோடு இயைத்து நோக்கின் பொருள் விளங்கும். சுந்தரர் அன்றிரவு பட்ட துன்பம் யாது? விரும்பப்பட்ட மனையின் வாயில் தமக்கு அடைக்கப்பட்டமையே. அவ்வாயிலில் தோழரும் சென்று நின்றார். சுந்தரர் கேட்ட மறுப்பைத் தாமும் கேட்டார். வெறுங்கையராய் மீண்டு வந்தார். அருளாற் கொண்ட திருமேனியில் இவை நிகழ்ந்தனவாகலின் இறைவர் தன்னியல்பில் விகாரம் யாதும் இல்லை. ஆயினும் நடந்த நடையும், கேட்ட மறுப்பும் மெய்யே. துன்பம் சாராதவர் துன்பத்தை உடன் சுமத்தற்கு இயன்ற வழி, துன்புற்றார் நின்ற இடத்திற்குத் தாமும் சென்று நிற்றல். மூன்றாங் கடன் இவ்வாறு நிறைவுற்றது. ஊன்றுகோல் மட்டும் இருந்து தூது இல்லையாயின், அது நீதியுடைய தலைவன் அருளாய் முடியும். தூது மட்டும் இருந்து கண்மறைப்பு இல்லையாயின், அது நடுவுநிலையற்ற காதலாய் முடியும். இரண்டும் ஒருவர்பால் ஒருங்கு நின்றமையாலே இது தோழமையாயிற்று.

இதனை அறியாது வெகுண்டவரே ஏயர்கோன் கலிக்காமர். ஆண்டானை அடியான் ஏவுதலோ, அதுவும் ஒரு பெண்ணின்பொருட்டோ என்பது அவர் வெகுளி. அவர் வெகுளிக்கு வேர் பகையன்று, பத்தி. அடிமை நெறியின் அளவுகோலால் நோக்கின் அவர் கூற்றுப் பழுதுடையதன்று. சுந்தரரும் அதனைக் கேட்டு எதிர்வாதம் புரிந்தாரல்லர். தம் பிழையை உடன்பட்டு, அவர் சினம் தீருமாறு பெருமானையே வேண்டினார். தோழமையாற் பெற்ற உரிமையைத் தம் தகுதியென அவர் கொள்ளாமைக்கு இதுவே சான்று.

ஈண்டு வேறொரு பிழையும் விலக்கற்பாலது. நட்பு ஒத்தாரிடையே நிகழ்வது. ஆகவே தோழராயினார் இறைவரோடு ஒப்பாவர் என்பாரும் உளராகலாம். இது சிவசமவாதத்தின் பாற்படும். உமாபதிசிவம் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்துள் மறுக்கப்பட்ட கொள்கைகளுள் சிவசமவாதமும் ஒன்று. நட்பிற்குப் புணர்ச்சியும் பழகுதலும் வேண்டப்படுவன அல்ல, உணர்ச்சியே வேண்டப்படுவது என்பது வள்ளுவர் துணிபு. அவ்விடத்து உரையெழுதிய பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் இருந்த நட்பினை எடுத்துக்காட்டினார். ஒருவன் உறையூரிலிருந்து ஆண்ட வேந்தன். ஒருவர் பாண்டிநாட்டுப் புலவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டிலர். மக்களோடு நேர்ந்த மாறுபாட்டால் அரசு துறந்து சோழன் வடக்கிருந்தபொழுது, சூழ்ந்திருந்தோர் புலவர் வாரார் என ஐயுற்றனர். நல்வாழ்வுக் காலத்து வாராதவர் துன்பக் காலத்து வாராதிரார் எனத் தெளிந்த சோழன், அவர்க்கென ஓரிடம் ஒதுக்குவித்தான். அவரும் வந்து உடன் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றால் அறியப்படும். வேந்தனும் புலவரும் நிலையால் ஒத்தாரல்லர். ஆயினும் ஒதுக்கிய இடம் வெறிதாகவில்லை. அவ்வாறே சுந்தரர் தோழமை இறைவரோடு ஒப்புமை கூறுதற்கு இடமாகாது. வெண்ணெய்நல்லூர் ஓலை கிழிந்ததாகச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். அடிமை நிற்க, அவ்வடிமையின்மேல் ஆண்டவர் தாமே இறங்கிவந்து அளித்ததே தோழமை.

கலிக்காமர் வரலாற்றின் முடிவு இவ்வாராய்ச்சியின் முடிவுமாகும். இருவரையும் கூட்டுவிக்கத் திருவுளங்கொண்ட பெருமானார் கலிக்காமர்க்குச் சூலைநோயைத் தந்து, சுந்தரராலன்றி அது தீராது என அருளினார். அவராற் தீர்தலினும் இறத்தலே நன்றெனக் கருதிய கலிக்காமர், சுந்தரர் வருதற்கு முன்னரே உடைவாளால் வயிற்றைக் கிழித்து மாண்டார். அவர்தம் மனைவியார் துயரை மறைத்துச் சுந்தரரை எதிர்கொண்டனர். கண்டே தீர்வேன் எனப் புக்க சுந்தரர், குருதியிற் கிடந்தாரைக் கண்டு, அவ்வாளையே தாமும் பற்றினார். அருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவ்வாளைத் தடுத்துப் பிடித்தார். சுந்தரர் அவர் அடியில் வீழ்ந்தார். அவரும் வீழ்ந்து வணங்கினார். இருவரும் நண்பராய்த் திருப்புன்கூர் சென்று வழிபட்டனர்.

இந்நிகழ்ச்சியில் ஒன்று நோக்கற்பாலது. தம்மை முகங்காணவும் விரும்பாது இறந்தவர் பொருட்டுத் தாமும் இறத்தற்குச் சுந்தரர் துணிந்தது ஏன்? தம் பிழையால் வாயில் அடைக்கப்பட்ட இரவில், பிழையை எண்ணாது தம்பொருட்டு நடந்த தோழரைக் கண்டவர் அவர். பெற்ற தோழமையையே கொடுத்தார். ஒற்றியூரிற் சூளுரைக்கு ஒரு சூழ்ச்சி தேடிய நம்பியாரூரர், பெருமங்கலத்தில் உயிர்க்கும் சூழ்ச்சி தேடினாரல்லர். கண்மறைப்பும், கோலும், தூதும் அவரிடத்து விளைத்த பயன் அதுவே. கலிக்காமரும், வாளைப் பிடித்த அக்கணத்தில், தோழமை என்பது யாதென்பதை அறிந்தார். வெகுண்ட கையே காத்த கையாயிற்று.

இதன் தொடர்ச்சியே சேரமான் பெருமாளொடு கொண்ட நட்பின் நிறைவு. வெள்ளானையின்மேற் கயிலை சென்ற சுந்தரர், குதிரையின்மேல் உடன்வந்த சேரமான் வாயிலில் தடையுண்டு நின்றமையை மறந்து தம் பேற்றில் அமைந்தாரல்லர். திருமுன் நின்று அவர்பொருட்டு விண்ணப்பித்து உள்ளே வருவித்தார். அடைக்கப்பட்ட வாயிலின் துயர் ஆரூரில் அறிந்தவர், கயிலை வாயிலில் நின்றாரை மறத்தல் எங்ஙனம் இயலும்?

ஆகவே, சகமார்க்கம் என்பது இறைவரிடம் வேண்டியவற்றைத் தடையின்றிப் பெறும் நெறியெனக் கொள்வார் கூற்றுப் பொருந்தாது. பொன்னும் பொருளும் நெல்லும் பெற்ற செய்திகளால் மட்டும் சுந்தரர் தோழமையை அளத்தல், செல்வக்காலத்து நட்பினை அளத்தலையே ஒக்கும். பிழைத்தவிடத்துத் தடுக்கப்பட்டும், ஒறுக்கப்பட்டும், கோலூன்றி நடக்கவைக்கப்பட்டும், தம் இழிவில் உடன்வந்து நிற்கப்பெற்றும் நிறைவுற்றது அத்தோழமை. தம்பிரான் தோழர் என்னும் திருப்பெயர் ஆரூரில் திருவாக்கெழுந்த நாளிற் கிடைத்தது; அதன் பொருள் விளங்கியதோ, கண்ணொளி மறைந்த நாள்முதல் பரவையார் திருமாளிகை வாயில் திறந்த இரவுவரை நடந்த நெடுவழியிலேயாம்.